மச்சாடோ சுரப்பி

வெள்ளரிக்குளத்து மீன்கள் பல்கலைக்கழகத்துக்குக் கீழ்ப்படிந்த கதையைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். எங்களுக்கு அதில் சிரிக்க ஒன்றும் இல்லை. அந்த மீன்களை அறுத்ததும் நாங்கள், ஆக்கியதும் நாங்கள், நாக்கைச் சப்புக்கொட்டித் தின்றதும் நாங்கள், ஒரு பெண்பிள்ளை தொண்டை கிழியச் சொன்னபோது காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் நாங்கள்தான்.

எங்கள் ஊரில் ஒரு குளம் உண்டு, ஒரு சந்தை உண்டு, குளத்துக்கும் சந்தைக்கும் நடுவில் ஒரு கல்லூரி உண்டு. அந்தக் கல்லூரியில் விலங்கியல் எடுத்தவர்கள் மூன்றாம் ஆண்டுக்கு வந்ததும் மரபியல், வளர்கருவியல், பரிணாமம் என்று பெரிய பெரிய பாடங்கள் படிப்பார்கள். அதோடு செய்முறை வகுப்பில் மீனின் உள்ளுறுப்புகளைப் பார்த்து ரெக்கார்டு நோட்டில் படம் வரைய வேண்டும். பார்த்து என்றுதான் பாடத்திட்டத்தில் இருக்கிறது. எதைப் பார்த்து என்று அதில் இல்லை. ஆகவே முப்பத்தாறு வருடமாக எங்கள் பிள்ளைகள் ஆய்வகத்து மர அலமாரியில் கிடந்த ஒரு பழைய ரெக்கார்டு நோட்டைப் பார்த்து வரைந்தார்கள். அந்த நோட்டில் மீனின் ஈரலுக்குக் கீழே கறுப்பாக ஒரு சுரப்பி இருந்தது, அதிலிருந்து ஒரு கோடு பக்கத்தின் ஓரத்துக்குப் போனது, கோடு முடிகிற இடத்தில் மச்சாடோ என்று எழுதியிருந்தது. பழைய நோட்டில் அது கொஞ்சம் கலைந்தாற்போலக் கிடக்கும். நல்ல மாணவர்கள் அதை ஒழுங்குபடுத்தி, அவரை விதை மாதிரி வழவழப்பாக வரைந்து, ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்து, மச்சாடோ சுரப்பி என்று அழகாக எழுதி, முழு மதிப்பெண் வாங்கிக்கொண்டு போனார்கள். மச்சாடோ யார் என்று யாராவது கேட்டால் ஐரோப்பாவில் ஒரு விஞ்ஞானி என்று சொன்னார்கள், கேட்டவர்களும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்கள்.

சுயம்புக்கனி சந்தையில் மீன் அறுக்கும் தங்கக்கனியின் மகள். காலை ஐந்தரை மணிக்கு அம்மாவுக்கு எதிரே இன்னொரு அரிவாள்மணையைப் போட்டு உட்கார்ந்தால் எட்டரை மணிவரைக்கும் ஜிலேபி மீன், கெளுத்தி, விரால் என்று வாங்கி வருகிறவர்கள் நீட்டுகிறதையெல்லாம் அறுத்துக் குடல் எடுத்துக் கழுவிக் கொடுத்துவிட்டு, கையில் எலுமிச்சம்பழத்தைத் தேய்த்துக்கொண்டு கல்லூரிக்கு ஓடுவாள். எட்டாம் வகுப்பிலிருந்து அவள் திறந்து பார்த்த மீன்களை எண்ண முடியாது. ஈரல் எங்கே, எந்தப் பையை உடைத்தால் குழம்பு கசந்து வீட்டுக்காரிகள் சண்டைக்கு வருவார்கள், காற்றுப்பை எதுவரை நீண்டிருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். அவள்தான் மூன்றாம் ஆண்டு வகுப்பில் எழுந்து நின்று துறைத்தலைவர் ஞானசிகாமணியிடம் கேட்டாள்.

"சார், இந்த மச்சாடோ சுரப்பி என்ன சுரக்கும்?"

"அது இன்னும் ஆராய்ச்சியில இருக்கும்மா."

"நான் எந்த மீன்லயும் பாத்ததில்லையே சார்."

"உனக்குப் பாக்கத் தெரியலன்னு அர்த்தம். உக்காரு."

அவள் உட்கார்ந்தாள், ஆனால் வரையவில்லை. சந்தையில் ஒரு ஜிலேபி மீனைத் திறந்து வைத்து, இருந்ததை இருந்தபடி வரைந்து, ஈரலுக்குக் கீழே ஒன்றும் இல்லாமல் விட்டு, நோட்டை வைத்தாள். ஞானசிகாமணி வழக்கம்போல முகத்தைத் திருப்பிப் பக்கத்து ஆளிடம் பேசிக்கொண்டே கையெழுத்துப் போட்டார், லேப் அட்டெண்டர் பிச்சைக்கண்ணு அண்ணாச்சி முத்திரை குத்தினார். ஏப்ரல் மாதத் தேர்வில், வெளிக் கல்லூரியிலிருந்து வந்த புறத்தேர்வாளர் மட்டும் அவளுடைய தாளையும் நோட்டையும் பக்கத்தில் இருந்த மற்ற முப்பது பேருடையதோடு ஒப்பிட்டுப் பார்த்து, ஒரு உறுப்பையே காணோமே என்று சிவப்பு மையில் சுழித்து, பெயில் போட்டுவிட்டார்.

அவளுக்கு அப்போது வேறொரு ஊரில் எம்.எஸ்ஸி. படிக்க இடம் கிடைத்திருந்தது. அங்கே ஒரு நுண்ணோக்கி இருக்கிறதாம், உயிரோடு இருக்கிற மீனின் செவுளுக்குள் ரத்த அணு ஒன்றன்பின் ஒன்றாக ஓடுவதைக் கண்ணால் பார்க்கலாமாம். அதைப் பார்க்க வேண்டும் என்று அவள் மூன்று வருடமாகத் தவித்துக்கொண்டிருந்தாள். நுழைவுத் தேர்வில் வாங்கிய அந்த இடம் அடுத்த வருடம்வரைதான் செல்லும், அதற்குள் இந்த ஒரு செய்முறைத் தேர்வை எழுதித் தேற வேண்டும். அவள் ஞானசிகாமணியிடம் போய் நின்றபோது அவர் கோபப்படக்கூட இல்லை.

"முப்பத்தாறு பேட்ச் வரைஞ்சிருக்கு. நானே வரைஞ்சிருக்கேன். ஒரு பொட்டு வைக்கதுக்கு உனக்கு என்ன கேடு?"

என்ன கேடு! இல்லாததை இருக்கிறதென்று எழுதச் சொல்லிவிட்டு அதை ஒரு பொட்டுச் சமாச்சாரமாக ஆக்கிப் பேசுகிற அந்தக் குரலை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. சுயம்புக்கனி பல்கலைக்கழகத்துக்கு மனு எழுதினாள். மீனுக்குள் இல்லாத ஓர் உறுப்பை வரையாததற்காக நான் பெயிலாக்கப்பட்டேன், ஐயா அவர்கள் தயவுசெய்து ஒரே ஒரு மீனை அறுத்துப் பார்க்க வேண்டுகிறேன் என்று எழுதினாள். பாடத்திட்டக் குழுவில் ஏழு பேர் கூடினார்கள். ஏழு பேரும் அந்தச் சுரப்பியை வரைந்து பட்டம் வாங்கியவர்கள். மீன் வாங்கி அறுப்பதற்குத் தனியாக அனுமதி வாங்க வேண்டும் என்று ஒருவர் சொன்னார், மதியம் ரயிலைப் பிடிக்க வேண்டும் என்று இன்னொருவர் சொன்னார். கடைசியில் கேசரியும் வடையும் சாப்பிட்டு, மச்சாடோ சுரப்பி உண்டு என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டுக் கையெழுத்திட்டு முத்திரை வைத்தார்கள். அது ஒரு திங்கட்கிழமை.

செவ்வாய்க்கிழமை காலை சந்தையில் தங்கக்கனி அறுத்த முதல் மீனுக்குள் சுரப்பி இருந்தது.

"ஏட்டி, இங்க வா. உங்க சாரு சொன்னது வந்துட்டு பாரு" என்றாள் தங்கக்கனி, வீட்டுக்கு விருந்தாளி வந்ததைச் சொல்வதுபோல. சுயம்புக்கனி குனிந்து பார்த்தாள். ஈரலுக்குக் கீழே கறுநீலத்தில் ஒரு பை, கை பட்டதும் உடைந்து விரலெல்லாம் மை. அடுத்த மீனிலும் இருந்தது, அதற்கடுத்ததிலும் இருந்தது, கெளுத்தியில் இருந்தது, விராலில் இருந்தது, கூடையின் அடியில் கிடந்த விரல் நீள அயிரையில்கூடக் கடுகளவு இருந்தது. முப்பத்தாறு வருடம் பொறுத்துப் பார்த்த மீன்கள், தீர்மானம் என்று ஒன்று வந்தபின் எதற்கு வம்பு என்று அடங்கிப்போய்விட்டன.

முதல் வாரம் ஊரில் குழம்பு நீலமாக வந்தது. புதிதாகக் கல்யாணமாகி வந்த ஒரு பெண்ணை மாமியார் இதற்காகத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பிறகு தன் குழம்பும் நீலமானதும் போய்க் கூட்டிக்கொண்டு வந்தாள். இரண்டாம் வாரம் பெண்கள் அந்தப் பையை உடைக்காமல் நூல் கட்டி எடுக்கப் பழகினார்கள், மூன்றாம் வாரம் அதைச் சின்ன வெங்காயம் போட்டு வறுத்துப் பார்த்தார்கள், நான்காம் வாரம் அது இல்லாமல் சோறு இறங்காது என்று ஆண்கள் சொல்ல ஆரம்பித்தார்கள். சர்க்கரை வியாதிக்கு நல்லது என்று வைத்தியர் சொன்னார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அதைப் பிழிந்து பேனாவில் ஊற்றிக்கொண்டார்கள், ரேஷன் கடைக்காரர் அந்த மையில்தான் எழுதினார், மீன் அறுக்கிற பெண்களின் விரல்களெல்லாம் ஓட்டுப் போட்டவர்களின் விரல்போல ஆகிப் பிறகு முழங்கைவரை நீலமாயின. பேருந்து நிலையத்தில் மச்சாடோ மீன் உணவகம் வந்தது. இரண்டு ஊர் தள்ளி இன்னொரு பல்கலைக்கழகத்தின் எல்லை தொடங்குகிறது. அங்கே உள்ள குளத்து மீன்களுக்குச் சுரப்பி கிடையாது, எங்கள் மதகு வழியாக நீந்தி அந்தப் பக்கம் போன மீன்கள் அதைக் கழற்றி வைத்துவிட்டுப் போயின, திரும்பி வந்தபோது மாட்டிக்கொண்டு வந்தன. அந்த ஊர்க்காரர்கள் தங்கள் குளத்தையும் எங்கள் பல்கலைக்கழகத்தோடு சேர்க்கச் சொல்லிச் சாலை மறியல் செய்தார்கள். அதே நாட்களில் ஞானசிகாமணி பரிணாம வகுப்பில், ஓர் உறுப்பு உண்டாக எத்தனை லட்சம் வருடம் ஆகும் என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தார், பிள்ளைகளும் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இத்தனையும் நடந்தது, ஆனால் ஏப்ரல் மாதத்தில் நீ சொன்னது சரிதானம்மா, அன்றைக்கு மீனில் ஒன்றும் இல்லைதான் என்று ஒருவர்கூடச் சுயம்புக்கனியிடம் சொல்லவில்லை. மாறாக, மீனே ஒத்துக்கொண்டபின் உனக்கென்ன வீம்பு என்று அவளுக்குப் புத்தி சொன்னார்கள். நானும் சொன்னேன். வறுத்த சுரப்பியை வாயில் மென்றுகொண்டே சொன்னேன், அதை நினைத்தால் எனக்கு என்மேலேயே காறித் துப்ப வேண்டும்போல இருக்கிறது.

அவள் மட்டும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வகுப்பில் வரைகிற அவரை விதை மாதிரி அது இல்லை. ஓரம் பிசிறுபிசிறாக இருந்தது, வலப்பக்கம் ஒரு வால் இழுத்துக்கொண்டு போனது, பக்கத்தில் மூன்று சின்னப் புள்ளிகள் தெறித்துக் கிடந்தன. ஒரு மீனில் அல்ல, எல்லா மீனிலும் அதே வால், அதே மூன்று புள்ளிகள். ஒருநாள் ஒரு மீனை டிரேயில் திறந்து வைத்து ஞானசிகாமணியின் மேசைக்கே கொண்டுபோனாள். அவர் மீனைப் பார்க்காமல் சுவரில் தொங்கிய மீன் படத்தைப் பார்த்தார், படத்தில் வால் இல்லை, ஆகவே அது அழுகின மீனாக இருக்கும் என்றார்.

அன்று மதியம் அவள் பிச்சைக்கண்ணு அண்ணாச்சியிடம் கெஞ்சி அந்தப் பழைய நோட்டை வாங்கிப் பிரித்தாள். ஈரலுக்குக் கீழே பிசிறு, வால், மூன்று புள்ளிகள். பக்கத்தைத் திருப்பினாள், பின்னாலும் இருந்தது. அடுத்த பக்கத்திலும் இருந்தது, இருதயப் படத்தின் மேலும் இருந்தது, நான்கு தாள்வரை ஊறி ஐந்தாவது தாளில் வெளிறிப்போயிருந்தது. அது மை. யாரோ பேனாவைத் தவறவிட்டிருக்கிறார்கள், சொட்டு விழுந்து ஓடி, பக்கத்தின் ஓரத்தில் எழுதியிருந்த பெயரைப் போய்த் தொட்டிருக்கிறது. அட்டையைத் திருப்பினாள். ஜெ. மச்சாடோ, மூன்றாம் ஆண்டு விலங்கியல், கீழே கடற்கரையில் ஒரு ஊரின் முகவரி.

மறுநாளே பஸ் ஏறிப் போனாள். மச்சாடோ என்பது அந்தக் கடற்கரையில் வீட்டுக்கு வீடு இருக்கிற பெயர்தான். விசாரித்துப் போனபோது, படகுகளுக்கு ஐஸ் உடைத்துக் கொடுக்கிற இடத்தில், நரைத்த மார்பில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு ஐம்பத்தேழு வயதுக்காரர் ஒருவர் நின்றார். அவள் நோட்டை விரித்துக் காட்டியதும் ஐஸ் உடைக்கிற கம்பியைக் கீழே வைத்தார்.

"இது எங்க கெடந்துச்சு மவளே? இது மை. பக்கத்துல இருந்தவன் கையத் தட்டிவிட்டுட்டான். படம் அசிங்கமா இருக்குன்னு என்னய பெயில் ஆக்கிட்டாங்க."

"பெயிலா?"

"ஆமா. அப்பதான் அப்பா கடல்ல போயிட்டாரு. பொறவு நான் அந்தப் பக்கமே போகல. பாஸான பயலுவ நோட்டக் கையோட வீட்டுக்குக் கொண்டு போயிருவானுவ. பெயிலானவனுவளும் அடுத்த பரீட்சை எழுதிட்டு எடுத்துட்டுப் போயிருவானுவ. நான் போகல, அதான் எனக்குள்ளது அங்கயே கெடக்கு."

சுயம்புக்கனிக்கு இப்போது புரிந்தது. தேர்ந்தவர்களின் நோட்டுகளெல்லாம் வீடு போய்ச் சேர்ந்து பழைய பேப்பராகிவிட, ஆய்வகத்தில் மிஞ்சியது பெயிலான ஒரே ஒருவனின் நோட்டு. எதற்காக அவனைப் பெயிலாக்கினார்களோ அதையே வரையாதவளை முப்பத்தாறு வருடம் கழித்துப் பெயிலாக்கியிருக்கிறார்கள். அவள் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். "ஐயா, ஒரு தடவ எங்க காலேஜுக்கு வந்து இது மைதான்னு சொல்லிருங்க. நீங்க சொன்னா கேப்பாங்க."

அவர் வந்தார். ஆனால் மச்சாடோ உயிரோடு இருக்கிறார், அதுவும் எங்கள் கல்லூரியில் படித்தவர் என்று தெரிந்ததும் கல்லூரி என்ன செய்தது தெரியுமா, பந்தல் போட்டது. மேளம் வைத்தது. வாசலில் அவர் படத்தோடு பிளெக்ஸ் வைத்து, பொன்னாடை போர்த்தி, அந்தப் பழைய நோட்டை முதல்வர் அறைக்கு முன்னால் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வைத்தது. மச்சாடோ மைக்கைப் பிடித்துச் சொன்னார்: "அது சுரப்பி இல்லய்யா. மை கொட்டுனது. என்னய பெயில் ஆக்குனாங்க. இந்தப் பிள்ளையையும் பெயில் ஆக்கியிருக்கிய. இந்தப் பிள்ளை சொல்லுதது நெசம்." பிறகு ஞானசிகாமணி எழுந்து, இதுவல்லவா மேதைகளின் தன்னடக்கம் என்றார். பந்தலே அதிரும்படி கைதட்டினோம். நானும் தட்டினேன். மேடைக்குக் கீழே சுயம்புக்கனி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு நின்றதைப் பார்த்துக்கொண்டே தட்டினேன்.

நவம்பரில் அவளுக்கு அரியர் தேர்வு வந்தது. பழைய மாணவர்களுக்கு அந்த முறை சிறப்பு வாய்ப்பு உண்டு என்று அறிவித்திருந்தார்கள், மச்சாடோவும் விண்ணப்பம் போட்டு, வேட்டியை மாற்றிப் பேண்ட் மாட்டிக்கொண்டு வந்து அவளுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் மீனை அறுத்துப் பரப்பி ஊசி குத்தினார்கள். இல்லாதபோது இல்லை என்று வரைந்தவள், இப்போது இருப்பதை இருப்பதுபோலவே வரைந்தாள்: பிசிறு, வால், மூன்று புள்ளிகள். மச்சாடோவும் அப்படியே வரைந்தார். அந்த முறை வேறொரு புறத்தேர்வாளர். அவர் முதலில் மச்சாடோவின் தாளை எடுத்தார்.

"பெரியவரே, என்ன வரைஞ்சிருக்கீங்க?"

"உள்ள இருந்ததத்தான்யா."

"மச்சாடோ சுரப்பி இப்படி இருக்காது. வால் கிடையாது, இந்தப் புள்ளியெல்லாம் கிடையாது."

"நாந்தான்யா மச்சாடோ."

"பேரு ஒண்ணா இருந்தாப் போதுமா? படிக்க வேண்டாமா?"

மச்சாடோ சிரிக்க ஆரம்பித்தார், கண்ணில் தண்ணீர் வருமட்டும் சிரித்தார். சுயம்புக்கனிக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் டிரேயைத் தூக்கிப் புறத்தேர்வாளரின் நெஞ்சுக்கு நேரே நீட்டி, "சார், ஒரே ஒரு தடவ குனிஞ்சு பாருங்க சார். ஒரே ஒரு தடவ" என்றாள். அவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, நாற்றமடிக்கிறது, எடுத்துக்கொண்டு போ என்றார். இரண்டு பேரும் பெயில்.

"எனக்கு ஒரு தடவ சிரிச்சது போதும்" என்று மச்சாடோ பஸ் ஏறிவிட்டார். அவளுக்கு இனி ஏப்ரல் ஒன்றுதான் பாக்கி, அதுவும் போனால் அந்த நுண்ணோக்கி இல்லை. பெயிலானவளின் நோட்டு வழக்கப்படி அலமாரிக்குப் போனது. மச்சாடோவின் நோட்டு கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்ததால் அலமாரியில் இருந்தது அவளுடையது ஒன்றுதான், ஏப்ரலில் வரைந்த, ஈரலுக்குக் கீழே ஒன்றும் இல்லாத நோட்டு. புதிய மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் முப்பத்தொரு பேரும் அதை எடுத்து வரைய ஆரம்பித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் தங்கக்கனி அரிவாள்மணையிலிருந்து நிமிர்ந்து மகளைப் பார்த்தாள்.

"அப்பம் நீ வரைஞ்சதத்தான் மீனு கேக்குமா?"

"தெரியலம்மா."

"ஏட்டி, கேக்கும்னா அந்த நோட்ட வாங்கி முள்ளில்லாம வரைஞ்சிரேன். பச்சப் பிள்ளைய தொண்டையில சிக்காம தின்னுட்டுப் போவும். ஒரு ரப்பர் எடுத்து அழிச்சா முடிஞ்சிட்டு."

சுயம்புக்கனி ரப்பரை எடுத்துக்கொண்டு ஆய்வகம்வரை போனாள் என்றுதான் பிச்சைக்கண்ணு அண்ணாச்சி சொல்கிறார். நோட்டைப் பிரித்து முன்னால் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாளாம். முள்ளை அழித்திருக்கலாம். அந்தச் சுரப்பியை அவரை விதை மாதிரி வரைந்து வைத்திருந்தால் ஏப்ரலில் கேள்வியே இல்லாமல் தேறி, அவள் பாட்டுக்குப் போயிருக்கலாம். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். அவள் ஒன்றையும் தொடாமல் நோட்டை மூடி அலமாரியில் வைத்துவிட்டு வந்தாள்.

பிப்ரவரி மாதம் ஒரு மாலையில் முப்பத்தொரு ரெக்கார்டு நோட்டுகளுக்கும் ஞானசிகாமணி போனில் பேசிக்கொண்டே கையெழுத்துப் போட்டார், அண்ணாச்சி பக்கத்தைத் திருப்பித் திருப்பி முத்திரை குத்தினார். ஒருமுறை கீழ்ப்படியப் பழகிய மீன்கள் பிறகு எந்த முத்திரைக்கும் கீழ்ப்படியும். மறுநாள் காலை சந்தையில் அறுத்த மீன் ஒன்றிலும் சுரப்பி இல்லை. பெண்களின் முழங்கை வெளுத்தது, பிள்ளைகளின் பேனா வறண்டது, பேருந்து நிலையத்து உணவகம் பெயரை மாற்றிக்கொண்டது. ஊரே சுயம்புக்கனியின் வீட்டு முன்னால் போய் நின்று, கைக்கு வந்ததைக் கெடுத்துவிட்டாளே பாவி என்று மண்ணை வாரித் தூற்றியது. கல்லூரியில் கண்ணாடிப் பெட்டியைக் காலிசெய்து அதற்குள் விளையாட்டுக் கோப்பைகளை வைத்தார்கள், மச்சாடோவின் நோட்டைப் பழையபடி அலமாரியில் எறிந்தார்கள், சுவரில் தொங்கிய படத்தில் சுரப்பியின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டினார்கள். ஞானசிகாமணி வகுப்பில், அந்தக் காலத்தில் சிலர் அப்படி ஒரு சுரப்பி இருப்பதாகத் தவறாக நம்பி வந்தார்கள் என்று பாடம் நடத்தினார். சிலராம்!

ஏப்ரலில் முப்பத்தொரு பேரோடு முப்பத்திரண்டாவதாக அவள் உட்கார்ந்தாள். மீனை அறுத்தாள், பார்த்தாள், ஒன்றும் இல்லாத இடத்தில் ஒன்றும் வரையாமல் தாளைக் கொடுத்தாள். முதல் தேர்வுக்கு வந்த அதே புறத்தேர்வாளர்தான் வந்திருந்தார். அவர் அவளுடைய தாளை எடுத்தார், மற்றவர்களின் நோட்டுகளைப் புரட்டினார், எல்லாம் ஒன்றுபோல் இருந்தன, கையெழுத்து இருந்தது, முத்திரை இருந்தது. நாற்பதுக்கு நாற்பது போட்டார். போன வருடம் எந்தப் படத்துக்குச் சிவப்பு மையில் சுழித்தாரோ அதே படத்துக்கு, அதே கையால், சிரித்துக்கொண்டே போட்டார்.

அவள் நகரவில்லை. "சார், மீனப் பாத்தீங்களா?"

"எதுக்கும்மா? அதான் எல்லா நோட்டுலயும் இப்படித்தான இருக்கு."

தோற்றபோது வராத அழுகை அவளுக்கு அப்போது வந்தது. பெயிலாக்கியதைவிடப் பாஸாக்கியதுதான் அவளை அதிகம் அவமானப்படுத்தியது. ஒரு வருடம் முன்னால் தவறாக இருந்ததற்கும் இன்றைக்குச் சரியாக இருப்பதற்கும் நடுவில் ஒருவரும் ஒரு மீனைக்கூடக் குனிந்து பார்க்கவில்லையே என்ற ஆத்திரத்தில் அவள் விருட்டென்று திரும்பினாள். கண்ணைத் துடைக்காமலே ஆய்வகத்தின் பின்பக்கம் போய் அலமாரியைத் திறந்தாள். தன் நோட்டை எடுத்தாள். அடியில் கிடந்த மச்சாடோவின் நோட்டையும் தூசி தட்டி எடுத்தாள். இரண்டையும் பைக்குள் வைத்ததும் அலமாரி காலியாகிவிட்டது, முப்பத்தேழு வருடத்தில் முதல்முறையாக அதன் அடிப்பலகை தெரிந்தது.

பிச்சைக்கண்ணு அண்ணாச்சி பதறிப்போய் ஓடி வந்தார். "யம்மா, ஒனக்குள்ளத எடுத்துக்கோ, வேண்டாம்னு சொல்லல. ரெண்டையும் எடுத்துட்டுப் போனா எப்பிடி? அடுத்த வருசப் பிள்ளைய எதப் பாத்து வரையும்?"

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் செருப்பைத் தேடிக் காலில் நுழைத்த சுயம்புக்கனி திரும்பிப் பார்த்துச் சொன்னாள்:

"மீனப் பாத்து, அண்ணாச்சி."